அறுபது டிகிரிக் கல்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து கச்சான் காற்று. லேப் ஜன்னலைத் திறந்தால் தராசு முழுக்க மண். மூடினால் புழுக்கம். மூடிவிட்டு, வேர்த்து ஊற்ற ஊற்ற வேலை.

இன்று: அறுபது டிகிரி சாம்பிள்களில் கடைசி மூன்று. உடைத்தாயிற்று.

மூன்றும் சொல்லிவைத்த மாதிரி சீக்கிரமே போய்விட்டன. புத்தகத்துச் சமன்பாடு சொல்கிற எடையில் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் சரிவு. போன வாரம் உடைத்தவையும் இப்படித்தான். அப்போது ஏதோ மெஷின் கோளாறு என்று நினைத்தேன். இல்லை. கல்தான் அப்படி.

தீசிஸில் எழுத வேண்டியதை இங்கே நம் பாஷையில் எழுதிப் பார்க்கிறேன், பழக்கத்துக்கு. பாறைக்குள் ஏற்கனவே ஒரு பிளவு இருக்கும். அதுதான் ஜாயின்ட். மேலிருந்து அழுத்தும்போது பாறை எப்படிச் சாகும் என்பதை அந்தப் பிளவின் சாய்வுதான் முடிவு செய்கிறது. பிளவு மட்டமாகப் படுத்திருந்தால் கல் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. முழுக் கல் மாதிரி நெட்டுவாக்கில் வெடிக்கும், நல்ல சத்தத்தோடு. முப்பது டிகிரியிலும் ஏறக்குறைய அதே கதை. விரிசல் ஜாயின்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். செங்குத்தாக நின்றால் விறகு பிளப்பது போல இரண்டாகும். நாற்பத்தைந்தில் கொஞ்சம் உடையும், கொஞ்சம் வழுக்கும். அறுபதில் சுத்தமாக வழுக்கல். மேல்பாதி கீழ்பாதியின் மேல் சறுக்கி இறங்கிவிடும். சத்தமே வராது.

அறுபது பலவீனம் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். இவ்வளவு பலவீனம் என்று யாரும் சொன்னதில்லை. நான் சொல்லப்போகிறேன்.

போன பிஎச்.டி. கமிட்டியில் கேட்டது ஒரே கேள்வி: "இதுல புதுசா என்னம்மா இருக்கு?" அடுத்த முறையும் பதில் இல்லையென்றால் பட்டத்துக்குப் பரிந்துரைக்க மாட்டோம் என்று சொல்லியே அனுப்பினார்கள். நீட்டிப்பும் இதுதான் கடைசி. இனி பதில் இருக்கிறது.

சந்தோஷத்தில் பஞ்சவர்ணம் அக்காவிடம் இரண்டாவது டீ கேட்டேன். லேப் கூட்டுவது, தண்ணீர் எடுப்பது, மோல்டு கழுவுவது, டீ போடுவது எல்லாம் அக்காதான். ஒப்பந்த ஆள் என்று பெயர், லேப் அவள் தயவில்தான் ஓடுகிறது. கொஞ்ச நாளாக டீ பிரமாதம்.

வாங்க வேண்டியவை: சாக்பீஸ், ஹேர்பின், பாராசிட்டமால்.

ஜூன் 10, செவ்வாய்

சாரிடம் கிராஃபைக் காட்டினேன். என் கைடு லேசில் எதற்கும் அசையாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இது நிக்குமா?"

"நிக்கும் சார். எல்லாமே ஒரே மாதிரி உடைஞ்சிருக்கு."

அங்கேயே மதுரைப் பேராசிரியருக்குப் போன் போட்டார். கமிட்டிக்கு வெளியிலிருந்து வருகிறவர் அவர்தான். "நம்ம பொண்ணு ஒண்ணு புடிச்சிருக்கு" என்றார். நம்ம பொண்ணு! நான்கு வருஷமாக "ஏம்மா" தவிர வேறு பெயர் கிடையாது எனக்கு.

கமிட்டி அடுத்த வியாழன்.

ராத்திரி வீட்டிலிருந்து அய்யா போன். எங்கள் சிக்கல் ஊர்ப் பக்கம் காற்றோடு சரி, மழை இல்லையாம். வழக்கமான கேள்வி.

"ஏத்தா, கல்லச் செஞ்சு, காய வச்சு, அதையே ஒடைக்கிறதுக்கு ஒரு படிப்பா?"

பாம்பன் பக்கத்துக் கடல் பாறையை அறுத்துக் கொண்டுவந்தால் அறுக்கும்போதே பொலபொலவென்று உதிர்கிறது, ஒரே மாதிரி இரண்டு துண்டு கிடைக்காது, அதனால்தான் மணலும் சிமென்டும் ஜிப்சமும் கலந்து நாமே கல் வார்க்கிறோம் என்று இதோடு பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். இன்றும் சொன்னேன். இன்றும் சிரித்தார். அடுத்த வாரம் முடிந்துவிடும் என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நெசமாவா?" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

எழுத வரவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

காலை: ஸ்லைடுக்குப் போட்டோ எடுக்க, அலமாரியில் உடைத்து வைத்திருந்த அறுபது டிகிரி சாம்பிள்களை எடுத்தேன். விளிம்பெல்லாம் வெள்ளைப் பொடி. ஜாயின்ட் ஓரமாக இன்னும் தடிமனாக. பக்கத்துத் தட்டில் முப்பதும் நாற்பத்தைந்தும் சுத்தமாக இருக்கின்றன.

இந்தப் பக்கத்தில் பிறந்தவளுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் பார்க்காததா? உப்புப் பூத்திருக்கிறது.

விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பேதான்.

வார்க்கும் தண்ணீருக்கு என்று லேபில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். நீலக் கேன்: கல் வார்க்க, காவிரித் தண்ணீர் மட்டும். வெள்ளைக் கேன்: குடிக்க, டீக்கு. உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீர் கழுவுவதற்கு மட்டும். மற்ற சாய்வுகளையெல்லாம் பங்குனிக்கு முன்பே வார்த்து முடித்துவிட்டேன். அறுபது டிகிரி மோல்டு மட்டும் பட்டறையிலிருந்து தாமதமாக வந்தது. அதை வார்த்த சமயத்தில்தான் எங்கேயோ குழாய் உடைந்து காவிரித் தண்ணீர் நின்று போயிருந்தது.

அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, சித்திரையில நீலக் கேன்ல என்ன தண்ணி ஊத்துன?"

"போர்த் தண்ணி."

ஒளிக்கவே இல்லை. சாவகாசமாகச் சொன்னாள், துடைப்பத்தைக் கீழே வைக்காமல்.

"நல்ல தண்ணிதான ஊத்தச் சொன்னேன்?"

"ஒரு கொடந்தான் கெடச்சுச்சு, தாயி. லாரிக்காரன்ட்ட மல்லுக்கட்டி வாங்கியாந்தேன். அது குடிக்கத்தான் காணும். நல்ல தண்ணியப் போயி யாராச்சும் மண்ணுல ஊத்துவாகளா?"

"அது மண்ணு இல்லக்கா! கல்லு! என் படிப்பு!"

"கல்லுக்கு என்ன தெரியும் உப்பும் ஒறப்பும்? குடிக்கிற நீயி வயித்து வலிம்ப, பிள்ளைக வயித்தால போகும்பாக. அதான் வெள்ளக் கேன்ல நல்லத ஊத்துனேன். டீ நல்லாருக்கு டீ நல்லாருக்குன்னு நீதான சொன்ன?"

அப்புறம் நான் பேசியதை எழுத மாட்டேன். நாக்கில் நரம்பில்லாமல் பேசினேன். படிப்பறிவு இல்லாதவளை உள்ளே விட்டது என் தப்பு என்கிற வரைக்கும் போனேன். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் வரை வரவில்லை.

வார்த்த அன்று கலவை தட்டிக் காற்று எடுப்பதற்குள் இறுகிக்கொண்டே வந்தது ஞாபகம் இருக்கிறது. வெயில் என்று நினைத்தேன். உப்பு. உள்ளே குமிழி நின்றிருக்கும். கல் சொத்தை.

அப்படியென்றால் என் அறுபது டிகிரி?

ஜூன் 13, வெள்ளி

சாரிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே, "எவ்வளவு உப்பு?" தெரியாது. "உப்பால எவ்வளவு குறைஞ்சிருக்கும்?" தெரியாது. "ஜாயின்டால எவ்வளவு?" அதுதான் தெரியவேண்டியது.

"இருக்கிறத அப்படியே காட்டு. வியாழக்கிழமை முடியட்டும். அப்புறமாப் பாப்போம்."

அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருக்கிறது. கல் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தாங்கும் என்று சொன்னால் யாருக்கும் ஆபத்தில்லை. அதை நம்பி யாராவது பாறை வெட்டினால் கூடுதலாக ஒரு தாங்கு கொடுப்பார்கள், அவ்வளவுதான். அதிகம் தாங்கும் என்று பொய் சொன்னால்தான் பாவம்.

இதை அறைக்கு வந்து எனக்கு நானே மூன்று தடவை சொல்லிக்கொண்டேன். மூன்று தடவையும் நன்றாகத்தான் இருந்தது.

மதியம் சாப்பிடவில்லை. அக்கா வந்தாள், கூட்டினாள், போனாள். முகம் பார்க்கவில்லை. டீ இல்லை.

காஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும். செருப்பு அறுந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

ஊர். பஸ்ஸில் ஒரே கூட்டம்; பாதிப் பேர் உத்தரகோசமங்கையில் இறங்கினார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்துவிட்டது, இனி மீன் விலை இறங்கும் என்று பின்சீட்டில் ஒரு அம்மா. "ஆமா, நமக்காக எறங்கும்" என்று இன்னொரு அம்மா.

வீட்டில் ஆட்டுக்கறி. நான் வருகிறேன் என்று அடித்த மாதிரி இல்லை, யார் வீட்டிலோ கூறு போட்டது. சாப்பிட்டு எழுந்த மாமா கை கழுவ நல்ல தண்ணீர்க் குடத்தில் சொம்பை விட்டார். நான் பாய்ந்து கையைப் பிடித்துவிட்டேன்.

"அது குடிக்கிற தண்ணி மாமா! வெளிய அண்டாவுல மொண்டு கழுவுங்க!"

அவர் பயந்தே போனார். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போனது. லேபில் அக்காவின் கையும் அப்படித்தான் போயிருக்கும். அவளைப் பேசிய பேச்சு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

அய்யா ரோடுவரை வந்து பஸ் ஏற்றிவிட்டார். வத்தல் பை ஒன்று கொடுத்தார், இந்த வருஷத்துக் குண்டு மிளகாய். "வியாழக்கிழமதான?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். ஊரில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "டாக்டரம்மா, நம்ம முழங்கால் வலிக்கும் மருந்து குடுப்பீகளா?" என்றார்.

ஜூன் 16, திங்கள்

காற்று குறையவே இல்லை. கரண்ட் இரண்டு முறை போனது.

வத்தல் பையை அக்கா உட்காரும் ஸ்டூல் மேல் வைத்தேன். பார்த்தாள். எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பிரித்து முகர்ந்து பார்த்தாள்.

"ஒங்க கொல்லையில வெளஞ்சதா?"

"ஆமாக்கா. அன்னைக்கி நான் பேசுனது தப்பு."

"தப்புத்தான்" என்றாள். அப்புறம் மெதுவாக, "என்னைய நிப்பாட்டிருவாகளா?"

அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை. என் படிப்பு போச்சு, என் படிப்பு போச்சு என்பதுதான் நாலு நாளாக. அவளுக்குப் பயம் வேறு இடத்தில் இருந்திருக்கிறது. நிறுத்த மாட்டார்கள் என்றேன். கலந்தது நான். தண்ணீரைச் சோதிக்காமல் ஊற்றியது நான்.

மதியம் ஒரு வேலை செய்தேன். அறுபது வார்த்த அன்று மிச்சக் கலவையில் ஜாயின்ட் இல்லாத முழுக் கல் ஒன்றும் வார்த்திருந்தேன், அதே உப்புத் தண்ணீரில். அது முழு எடையைத் தாங்கினால் உப்பின் மேல் தப்பில்லை, என் கண்டுபிடிப்பு தப்பித்தது. மெஷினில் ஏற்றும்போது வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியை என்று கூட யோசிக்கவில்லை.

சீக்கிரமே வெடித்தது.

ஆனால் அறுபது டிகிரி அளவுக்கு மோசமில்லை. குறைவில் ஒரு பெரிய பங்கை உப்பு தின்றிருக்கிறது. மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. அது ஜாயின்டின் பங்காக இருக்கலாம். அல்லது அந்த ஒரு கல்லின் குணமாக இருக்கலாம். ஒற்றைக் கல்லை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நல்ல தண்ணீரில் வார்த்து, இரண்டு வாரம் காயவைத்து, உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கமிட்டிக்கு மூன்று நாள்.

சாரிடம் போய், அந்த ஸ்லைடை எடுத்துவிடுகிறேன் என்றேன். "எடுத்துட்டு என்ன காட்டுவ?" என்றார். அப்படியென்றால் காட்டிவிட்டு, தண்ணீர் தப்பு என்பதையும் சொல்கிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஒன் இஷ்டம்மா" என்றார். மறுபடியும் வெறும் அம்மா ஆகிவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

கமிட்டி முடிந்தது.

நீலச் சேலை. இஸ்திரி போட நேரமில்லை.

கிராஃபைக் காட்டினேன். அறுபதைக் காட்டினேன். காட்டிய கையோடு, இதை நம்பாதீர்கள், தண்ணீர் தப்பு என்று சொன்னேன். துறைத் தலைவர் சாரைப் பார்த்தார். சார் ஜன்னலைப் பார்த்தார்.

மதுரைப் பேராசிரியர்: "உப்புத் தண்ணின்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"நக்கிப் பார்த்தேன் சார்."

சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை.

"யார் தண்ணி ஊத்துனது?" தலைவர்தான்.

"கலந்தது நான்தான் சார். சோதிக்கல."

அக்கா அப்போது டீ டம்ளர்களை எடுக்க உள்ளே வந்திருந்தாள். தட்டு லேசாக ஆடியது. யாரும் கவனிக்கவில்லை.

உப்பையே தலைப்பாக மாற்றினால் என்ன என்று ஒரு யோசனை வந்தது, சாரிடமிருந்து. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், பாவம். எவ்வளவு உப்பு என்றே தெரியாமல் எப்படி என்று மதுரைக்காரர் கேட்டதும் அது அங்கேயே செத்தது.

முடிவு: ஜூலை கடைசி வரை. அறுபது டிகிரியைத் திரும்ப வார்த்துக் காட்ட வேண்டும். வித்தியாசம் நின்றால் பரிந்துரை. சமன்பாடு சொன்ன இடத்திலேயே உடைந்தால் புதிதாக ஒன்றும் இல்லை என்று எழுதிவிடுவார்கள். அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது. தலைவர் இதை இரண்டு தடவை சொன்னார், எனக்குப் புரியவில்லையோ என்று.

புரிந்தது.

அய்யாவுக்குப் போன் செய்து இன்னும் ஒரு மாசம் என்றேன். "சரித்தா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

ஜூன் 20, வெள்ளி

வார்ப்பு.

லேபுக்குள் போனால் நாலு குடம் வரிசையாக. எல்லாம் நல்ல தண்ணீர். அக்கா எங்கே பிடித்தாள் என்று தெரியவில்லை, கேட்டால் சொல்லவும் மாட்டேன் என்கிறாள். ஒவ்வொரு குடத்திலும் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள்.

"இனிக்குது" என்றாள்.

உப்பளக்கும் மீட்டரை வைத்தும் பார்த்தேன். சரியாக இருந்தது. குறித்துக்கொண்டேன்.

கலவை இந்தத் தடவை மெதுவாக இறுகியது. ஆற அமரத் தட்டிக் காற்று எடுத்தேன். மோல்டுக்குள் பிளவு உண்டாக்கும் அறுபது டிகிரித் தகட்டை அக்காதான் பிடித்துக்கொண்டாள், கை ஆடாமல். மிச்சக் கலவையில் முழுக் கல் மூன்று, இந்தத் தடவை ஒன்று போதாது.

தாகத்துக்கு வெள்ளைக் கேனைத் திறந்தேன். போர்த் தண்ணீர். வாயில் வைக்க முடியவில்லை.

"அக்கா, குடிக்க?"

"கல்லுக்குப் போக மிச்சமில்ல, தாயி. பொறுத்துக்க."

ஜூலை 7, திங்கள்

மேகமூட்டம். மழை கிடையாது, சும்மா பாவ்லா.

இரண்டு வாரம் காய்ந்தாயிற்று. விளிம்பில் பூக்கவில்லை. நக்கிப் பார்த்தேன், இனி இது பழக்கமாகிவிடும் போல.

முதலில் முழுக் கல் மூன்று. மூன்றும் தாங்க வேண்டிய அளவு தாங்கி, சத்தமாக வெடித்தன. நல்ல தண்ணீர், நல்ல கல். இதுவரை சரி.

பிறகு அறுபது.

முதல் சாம்பிள். பழைய எடையில் சரியவில்லை. தாண்டிப் போய், சமன்பாடு சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வழுக்கியது. கொஞ்சம் முன்னால். அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை ஏற்றினேன். அது சமன்பாட்டின் கோட்டில் வந்துதான் வழுக்கியது.

மூன்றாவது. சார் வந்து பின்னால் நின்றுகொண்டார். அக்கா கதவருகில்.

எடை ஏறியது. பழைய அளவு வந்தது. இப்போது சரிந்துவிடு, இப்போது சரிந்துவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்கு வருஷமாகக் கல் உடைக்கிறேன். உடைந்துவிடு என்று ஒரு கல்லைக் கெஞ்சியது இன்றுதான். சரியவில்லை. கோடு ஏறிக்கொண்டே போனது. முதல் சாம்பிள் போன இடம் வந்தது, அதையும் தாண்டியது. சார் மெதுவாக வெளியே போனார், கதவை அழுத்தாமல் சாத்திவிட்டு.

சமன்பாடு சொன்ன இடம். அங்கேயும் தாங்கி நின்றது. புதிதாக ஒன்றும் இல்லை.

"இன்னும் ஒடையலையா தாயி?"

"இல்லக்கா. தாங்குது."

அக்கா ஓடி வந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். அழுதுவிட்டாள்.

"நாந்தான் ஒங் கல்லக் கெடுத்துட்டேன்னு தூக்கமே இல்ல. பாத்தியா, எப்புடித் தாங்குதுன்னு! நல்ல தண்ணி ஊத்துனோம்ல!"

ஆமாக்கா என்றேன்.